அவசரப் பிரிவு மருத்துவருக்கு மெடிகேர் பதிவு: என்பிபிஇஎஸ், பிகோஸ் – நெடுநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

அமெரிக்காவில் அவசரப் பிரிவு மருத்துவர் பார்த்த சிகிச்சைக்கு மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பணம் தர வேண்டுமென்றால், அவர் விவரம் இரண்டு தளங்களில் சரியாக இருக்க வேண்டும். ஒன்று, என்பிஐ எனும் மருத்துவர் அடையாள எண்ணை வழங்கும் என்பிபிஇஎஸ். மற்றொன்று, மெடிகேரில் சேர்க்கும் பிகோஸ். இரண்டுக்கும் நுழைவுக் கணக்கு ஒன்றுதான். அதனாலேயே ஒன்றில் திருத்தினால் மற்றதிலும் திருந்திவிடும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். திருந்தாது. மருத்துவர்களுக்காக இப்படிப் பதிவு செய்துகொடுக்கும் க்ரெடென்ஷியலிங் வேலையைச் சென்னையில் பார்ப்பவர்கள் முதல் நாளிலேயே தெரிந்துகொள்ள வேண்டியது இது.

என்பிபிஇஎஸ் எளிது, கட்டணம் இல்லை. பத்து இலக்க எண் ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுக்க அதுதான். வேலை பார்க்கும் மருத்துவர் குழு மாறினாலும் மாநிலம் மாறினாலும் மாறாது. அவசர மருத்துவத்துக்கான வகைக் குறியீடு 207பி என்று தொடங்கும். ரெசிடென்சி (சிறப்புப் பயிற்சி) காலத்தில் எண் வாங்கியவர்களுக்கு மாணவர் குறியீடே பல வருஷம் கிடக்கும். வேலையில் சேர்ந்ததும் மாற்றிவிடுங்கள். அங்கே கொடுக்கும் பணியிட முகவரியும் தொலைபேசி எண்ணும் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியவை. வீட்டு முகவரியைப் போட வேண்டாம். எந்த மாற்றத்தையும் 30 நாளுக்குள் பதிய வேண்டும்.

தமிழ் மருத்துவர்களுக்குப் பெயரில்தான் சிக்கல் வரும். இனிஷியலை விரித்து அப்பா பெயர் கடைசிப் பெயராகியிருக்கும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் விசாவில் முதல் பெயருக்குப் பதில் 'எஃப்என்யு' (முதல் பெயர் தெரியவில்லை) என்று ஏறியிருக்கும். சோஷியல் செக்யூரிட்டி அட்டை, மாநில உரிமம், என்பிபிஇஎஸ் மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிகோஸைத் திறங்கள்.

பிகோஸில் மருத்துவர் நிரப்ப வேண்டிய விண்ணப்பம் படிவம் 855ஐ. அவசரப் பிரிவு மருத்துவர்களில் பலருக்குச் சொந்த க்ளினிக் கிடையாது. ஒரு குழுவின் பெயரில் மருத்துவமனையில் வேலை பார்ப்பார்கள். ஆகவே பணம் பெறும் உரிமையைக் குழுவுக்கு எழுதிக் கொடுக்கும் ரீஅசைன்மென்ட் பகுதிதான் இங்கே உயிர்நாடி. முன்பு 855ஆர் என்று தனிப் படிவமாக இருந்தது, இப்போது 855ஐ-க்குள்ளேயே வந்துவிட்டது. இது உண்மையிலேயே நல்ல மாற்றம். எல்லா உரிமையையும் குழுவுக்கே கொடுத்தால் மருத்துவர் தனியாக வங்கி விவரப் படிவம் 588 தர வேண்டாம். ஆனால் கையெழுத்து இரண்டு வேண்டும்: மருத்துவருடையது, குழுவின் அதிகாரம் பெற்றவருடையது. நாம் படிவத்தை நிரப்பலாம், மருத்துவருக்காகக் கையெழுத்திட முடியாது. இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்குகிறவரின் மின்னஞ்சலில் கையெழுத்துக் கோரிக்கை கவனிக்கப்படாமல் கிடப்பதால்தான் பல விண்ணப்பங்கள் தேங்குகின்றன. அனுப்பிய உடனே அவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

பணத்தை இழக்க வைப்பது தேதிதான். மெடிகேர் பதிவு அமலாகும் நாள், விண்ணப்பம் சேர்ந்த நாளும் அந்த இடத்தில் வேலை தொடங்கிய நாளும் ஆகிய இரண்டில் எது பிந்தியதோ அது. அதற்கு முந்தைய 30 நாள் வரை பில் போடலாம். ஜூலை 1 வேலையில் சேர்ந்து ஆகஸ்ட் 20 விண்ணப்பித்தால், ஜூலை 21க்கு முன் பார்த்த நோயாளிகளுக்கான பணம் போனது போனதுதான். வெளிநோயாளி மருத்துவர் மெடிகேர் நோயாளிகளுக்குத் தேதி தள்ளிக் கொடுத்துச் சமாளிப்பார். அவசரப் பிரிவில் அது நடக்காது. 1986ஆம் ஆண்டின் எம்டாலா சட்டப்படி வாசலுக்கு வந்தவரைப் பரிசோதித்தே ஆக வேண்டும். வேலை தொடங்க 60 நாள் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம் என்பதால், நியமன ஒப்பந்தம் கையில் வந்ததும் ஆரம்பிப்பதே சரி.

விண்ணப்பத்தில் குறை இருந்தால் மெடிகேருக்காக விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் ஒப்பந்த நிறுவனம் திருத்தம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பும், 30 நாள் அவகாசம் தரும். அதைத் தவறவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி. புதிதாகப் போட்டால் பழைய சேர்ந்த தேதியும் போய்விடும். டெக்ஸாஸுக்கு நோவிட்டாஸ், கலிஃபோர்னியாவுக்கு நோரிடியன் என்று ஒப்பந்த நிறுவனம் மாநிலத்துக்கு ஏற்ப மாறும். இரு மாநிலங்களிலும் ஷிஃப்ட் பார்க்கிறவருக்கு இரு பதிவுகள், தனித்தனிப் பிடிஏஎன் (மெடிகேர் பதிவு) எண்கள். குறைந்த வருமானத்தினருக்கான மெடிகெய்ட் காப்பீடு இதில் சேராது, அதை மாநிலத்திடம் தனியாகச் செய்ய வேண்டும்.

மெடிகேர் கட்டணத்தையே முழுக் கட்டணமாக ஏற்கிறேன் என்று ஒப்புக்கொள்ளும் படிவம் 460 பலர் மறப்பது. தன் பெயரிலேயே பில் போடப் புதிதாகச் சேர்பவர் 90 நாளுக்குள் அதைத் தராவிட்டால் பங்கேற்காதவராகக் கணக்கிடப்படுவார், கட்டண அட்டவணையில் 95 சதவீதம்தான் கிடைக்கும். மெடிகேரை விட்டே விலகிவிடலாம் என்ற யோசனை இந்தத் துறைக்குப் பொருந்தாது. விலகியவர் நோயாளியோடு தனி ஒப்பந்தம் போட்டுப் பணம் வாங்க வேண்டும், அவசர நிலையில் இருக்கும் நோயாளியிடம் அதில் கையெழுத்து வாங்கக் கூடாது.

மெடிகேர் பதிவுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மறுபதிவு. நினைவூட்டல் கடிதம் பிகோஸில் உள்ள தொடர்பு முகவரிக்குப் போகும். மருத்துவர் குழு மாறியிருந்தால் அது பழைய அலுவலகத்தில் போய்க் கிடக்கும், இங்கே பில்லிங் உரிமை முடங்கும், முடங்கிய நாட்களுக்குப் பணம் வராது. கடிதத்தை நம்பாமல், என்பிஐ எண்ணை வைத்து மெடிகேரின் மறுபதிவுப் பட்டியலை மாதம் ஒருமுறை தேடுங்கள். கெடு அங்கே பல மாதங்களுக்கு முன்பே ஏறிவிடும். எப்போதும் மாதத்தின் கடைசி நாள்தான்.