‘வந்து பார்’ முகாம்: சமையற்கட்டையும் காட்டுங்கள்

தேர்வு முடிந்த கையோடு, ஏப்ரல், மே மாதங்களில் தருமபுரி கத்தோலிக்க மறைமாவட்டப் பங்குகளில் (ஆலயப் பகுதிகளில்) ‘வந்து பார்’ முகாம், அதாவது துறவு வாழ்வை யோசிப்பவர்கள் சில நாள் தங்கிப் பார்க்கும் முகாம் பற்றிய அறிவிப்புகள் வரத் தொடங்கிவிடும். நாம் எடுத்துக்கொண்டது, தருமபுரிக்குப் பக்கத்தில் ஆதரவற்ற முதியோர் இல்லம் நடத்தும் ஓர் அருள்சகோதரிகள் சபையின் மூன்று நாள் முகாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். யாரையும் வலை போட்டுப் பிடிப்பதில்லை. காலைத் தியானத்துக்கு உண்மையாகவே அரை மணி மௌனம் தருகிறார்கள். தனியாகப் பேச வரும் பெண்ணிடம் “வீட்டில் யாராவது அனுப்பினார்களா, நீயாக வந்தாயா?” என்று கேட்கிறார்கள். மதியம் களியும் கீரைக் குழம்பும். குறை சொல்ல ஒன்றுமில்லை.

சறுக்குவது முதியோர் வார்டில். இரண்டாம் நாள் மாலை ஒரு மணி நேரம் அழைத்துப் போகிறார்கள். பாட்டு, பிஸ்கட், ஆசீர்வாதம், திரும்பிவிடலாம். அங்கே உண்மையான வேலை வேறு. படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கொருமுறை புரட்டிப் போட வேண்டும், இரவிலும்தான். இடுப்பெலும்பில் சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்த பிறகும் வெளுக்கவில்லையென்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. அங்கே எண்ணெய் போட்டுத் தேய்த்தால் உள்தசை இன்னும் கெடும். பக்கவாதம் வந்தவருக்குத் தண்ணீராகக் கரைத்த கேழ்வரகுக் கூழ் புரையேறும், கெட்டியாகக் காய்ச்சி, நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்ட வேண்டும். ஊட்டிய பிறகும் அரை மணி நேரம் படுக்க விடக்கூடாது. இந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் குடிநீர் வருமுன் பல்லாண்டு அதைக் குடித்த சிலருக்கு முதுகும் மூட்டும் இறுகிப்போயிருக்கும். தோளைப் பிடித்து இழுத்தால் உயிர் போகிற வலி; விரிப்போடு சேர்த்து, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி இருவர் உருட்ட வேண்டும். ஏழைக்குச் சேவை என்று மேடையில் சொல்வது இதைத்தான். முகாமில் ஒரே ஒரு இரவுப் பணியாவது கொடுத்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

குழுவாழ்வு பற்றிய வகுப்பும் இனிப்பாகவே இருக்கிறது. “ஒரே உள்ளமும் ஒரே உயிரும்” என்ற திருத்தூதர் பணிகள் 4ஆம் அதிகாரத்தை வாசிக்கிறார்கள். இரண்டு பக்கம் தள்ளி 6ஆம் அதிகாரத்தில், ‘பந்தியில் எங்கள் கைம்பெண்களைக் கவனிப்பதில்லை’ என்று முதல் சீடர்களுக்குள்ளேயே சண்டை வந்ததையும் சேர்த்து வாசிக்கலாமே! ஆறு பேர் இருக்கும் வீட்டில் யார் பாத்திரம் கழுவுவது, சம்பளம் பொதுப்பைக்குப் போன பிறகு அம்மாவின் மருந்துச் செலவுக்கு யாரிடம் கேட்பது, பழகிய இடத்திலிருந்து மாற்றல் வந்தால் என்ன செய்வது என்பவை அங்கே அன்றாடம் எழும் கேள்விகள். விலகிப் போகிறவர்களில் பலர் ஜெபம் பிடிக்காமல் போனவர்கள் அல்லர், இந்தக் கேள்விகளில் மனம் கசந்தவர்கள்.

சபையில் சேர்வதன் படிநிலைகளை அவசரமாக ஓட்டிவிடுகிறார்கள். திருச்சபைச் சட்டம் தெளிவானது. 17 வயது நிறைவதற்குள் நவதுறவில் (துறவுக்கான பயிற்சிக் காலத்தில்) சேர்க்க முடியாது. நவதுறவு குறைந்தது 12 மாதம். அந்தக் காலத்தில் எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம், தடையில்லை. 18 நிரம்பினால்தான் முதல் வார்த்தைப்பாடு, அதாவது கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற துறவு வாக்குறுதி. தற்காலிக வார்த்தைப்பாடு 3 முதல் 6 ஆண்டு, தேவைப்பட்டால் மொத்தம் 9 வரை நீட்டலாம். வாழ்நாள் முழுவதற்குமான நித்திய வார்த்தைப்பாட்டுக்கு 21 நிரம்பியிருக்க வேண்டும். அதற்கு முன்பே உயில் எழுதியாக வேண்டும். பின்னால் விலகினால், செய்த வேலைக்குக் கூலி என்று கேட்க உரிமையில்லை. ஆனால் சபை நியாயத்தோடும் அன்போடும் நடக்கக் கடமைப்பட்டது. அடைக்க முடியாத கடன் உள்ளவரைச் சேர்க்கக் கூடாது என்பதும் சட்டம். கல்விக் கடனோ மகளிர் குழுக் கடனோ உங்கள் பெயரில் இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு குறை, அழைத்தல் (இறைவனின் அழைப்பு) என்றாலே சபையில் சேர்வது என்ற தோரணை. கிருஷ்ணகிரியை ஒட்டிய திருப்பத்தூரில் 1921இல் சவரிராயன் ஜேசுதாசனும் எர்னஸ்ட் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கினார்கள். இருவரும் மருத்துவர்கள். பெரியண்ணன், சின்னண்ணன் என்று அழைக்கப்பட்டார்கள். ஒரே குடும்பமாக வாழ்ந்து ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தார்கள். அது புரொட்டஸ்டண்ட் மரபு என்பதால் பேசாமல் விடுகிறார்களோ என்னவோ. இப்படிப்பட்ட வழியும் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?

போகலாமா? தாராளமாகப் போகலாம். முடிந்ததும் விண்ணப்பத்தைக் கையில் வாங்காமல், ஒரு வாரம் வார்டில் தங்கி வேலை பார்க்க இடம் கேளுங்கள். ஒத்துக்கொண்டால், சேர்வதற்குத் திருமுழுக்கு, உறுதிபூசுதல் சான்றிதழ்களைப் பங்கில் வாங்கத் தொடங்கலாம். பழைய பதிவேட்டில் பெயர் எழுத்து மாறியிருந்தால் திருத்த நாளாகும்.