தெருவோரத்துக்கு எது சரி: சிமெண்ட் கால்வாயா, உறிஞ்சு குழியா, புங்கமரமா?

தர்மபுரில எங்க தெருவுல இப்ப இதுதான் பேச்சு. காம்பவுண்டு சுவர்ல இருந்து ரோடு வரைக்கும் பேவர் பிளாக் போட்டு ஓரமா கால்வாய் கட்டிட்டா சேறே இருக்காதுன்னு பாதி வீட்டுக்காரங்க சொல்றாங்க, இன்னும் சிலர் வீட்டுக்கு ஒரு உறிஞ்சு குழி, அதாவது மழைத்தண்ணி மண்ணுக்குள்ள எறங்க ஜல்லி ரொப்புன பள்ளம், போதும்ங்கிறாங்க, நானும் பக்கத்து வீட்டு அக்காவும் மட்டும் மண்ண அப்படியே விட்டு புங்கமரம் வைக்கலாம்னு கேட்டுட்டு இருக்கோம். மூணையும் கிட்ட இருந்து பாத்தவன்ங்கிறதால எழுதுறேன்.

முதல்ல கால்வாய். அதை வேணாம்னு நான் சொல்லவே மாட்டேன். 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயலப்போ ஊத்தங்கரைல ஒரே நாள்ல 50 செ.மீ. கொட்டுச்சு, பஸ் ஸ்டாண்டு பக்கம் நிறுத்தி வச்சிருந்த வண்டியெல்லாம் வெள்ளம் இழுத்துட்டு போனத எல்லாரும் வீடியோல பாத்திருப்பீங்க. அந்த மாதிரி மழைக்கு எந்த மரமும் எந்த குழியும் தாங்காது, தண்ணி போக வழி இருக்கணும், அவ்ளோதான். ஆனா நமக்கு வருஷம் முழுக்க சேத்தே ஏறக்குறைய 850 மி.மீ. தான், அதுல பெரும்பாலானது சாதாரணமா பெய்யுற மழை. அதையும் கால்வாய் வாரிட்டு போயிடுது, போற வழியில ரோட்டு ஆயிலு, பாத்திரம் கழுவுன தண்ணி, பிளாஸ்டிக் கவரு எல்லாத்தையும் சேத்துக்கிட்டு கீழ இருக்குற ஏரில போய் விடுது. இங்க மார்ச் மாசமே போர்ல காத்து வருது, நாம மழைத்தண்ணிய ஊர விட்டு தொரத்த காசு செலவு பண்றோம்.

இன்னொண்ணு, எங்க வீட்டு முன்னாடி இருந்த வேப்பமரம். முன்ன ஒரு தடவ கால்வாய்க்கு பள்ளம் எடுத்தப்ப ரோட்டுப்பக்க வேரையெல்லாம் பொக்லைன் வரிசையா அறுத்துட்டு போச்சு, யாரும் கண்டுக்கல, மரமும் பச்சையாதான் நின்னுச்சு. மூணாவது வருஷம் கோடை மழை காத்துல வீட்டுப் பக்கமா சாஞ்சிடுச்சு. அறுந்த வேரோட முனைய போய் பாத்தேன், மட்டமா வெட்டுப்பட்ட எடம் கருப்பா அழுகி கைல உதுந்துச்சு. மரத்தோட உறிஞ்சு வேர்ல பெரும்பகுதி மேல ரெண்டு மூணு அடி மண்ணுக்குள்ளயேதான் ஓடும், ஆணிவேர் இருக்கு தாங்கிக்கும்னு நெனச்சது எங்க தப்பு.

அடுத்து உறிஞ்சு குழி. 2003ல மழைநீர் சேகரிப்ப தமிழ்நாடு முழுக்க கட்டாயம் ஆக்குனப்ப எங்க வீட்லயும் போட்டோம். போன வருஷம் மூடிய தூக்கி பாத்தா ஜல்லியே தெரியல, வழவழன்னு செம்மண் சேறு, மேல மக்குன இலை ஒரு படை. இருவது வருஷத்துல ஒரு தடவ கூட கழுவல, பின்ன எப்படி உறிஞ்சும். சுத்தமா இருந்தாலும் கணக்கு போட்டுப் பாருங்க. 3 அடிக்கு 3 அடி, 5 அடி ஆழம்னா 45 கன அடி, காலியா இருந்தா 1,270 லிட்டர் புடிக்கும், ஆனா ஜல்லி ரொப்பிட்டா இடுக்குல நிக்கிறது மூணுல ஒரு பங்கு சொச்சம்தான், 450 லிட்டர்னு வச்சுக்கலாம். 1,000 சதுர அடி மொட்டை மாடில 20 மி.மீ. மழை பெஞ்சா வர்ற தண்ணி 1,850 லிட்டர். மாடித் தண்ணிய வடிகட்டி குழிக்கு விடுறது நல்லதுதான், நான் எதிர்க்கல, ஆனா ரோட்டுத் தண்ணிய மட்டும் எந்த காரணத்துக்கும் போர்ல நேரா விட்டுடாதீங்க. ஏற்கெனவே நிலத்தடித் தண்ணில ஃப்ளோரைடு அதிகம்ங்கிறதால ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர நம்பி இருக்குற ஊரு, அதுல ஆயிலும் சேரணுமா?

இப்ப மண்ணும் மரமும். சுவரோரமா 3 அடி அகலம் 20 அடி நீளத்துக்கு மண்ண விட்டு, ரோட்ட விட அரை அடி தாழ்வா வெட்டி வச்சா மேல மட்டுமே 850 லிட்டர் நிக்கும். ஜல்லிக் குழிய விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, செலவு ஒரு ஆள் கூலி. மணல் கலந்த செம்மண்ணு மணிக்கு 20 மி.மீ. போல உறிஞ்சும், அப்போ அந்த அரை அடி ஏழெட்டு மணி நேரத்துல எறங்கிடும், கொசு முட்ட வச்சு பெருக நேரமே இல்ல. களிமண்ணா இருந்தா மணிக்கு 5 மி.மீ. கூட எறங்காது, அங்க இது சரிப்படாது.

அதனால மொதல்ல மண்ண பாக்கணும். நானும் அக்காவும் ரெண்டு எடத்துல ஒரு அடி ஆழம் கடப்பாரையால தோண்டி, ஒரு தடவ தண்ணி ஊத்தி ஊற விட்டு, மறுபடி ரொப்பி ஸ்கேல் வச்சு பாத்தோம். கொய்யா மரத்தடில அரை மணில காலி. கார் நிறுத்துற எடத்துல ரெண்டு மணி நேரம் கழிச்சும் பாதிக்கு மேல நின்னுச்சு. பத்தடி தூரத்துல அதே மண்ணுதான், வண்டி ஏறி இறுகிப் போயிடுச்சு. இந்த மாதிரி இறுகுன மண்ணுல, சுத்தி சிமெண்ட் பூசி ரெண்டு அடி சதுரம் விட்டு கன்னு நட்டா அது தொட்டிச் செடிதான், வேர் மூச்சு விட எடம் தேடி பேவர தூக்கும், அப்புறம் மரத்த திட்டுவாங்க.

பார்க்கிங்கும் வேணும் மரமும் வேணும்னா ஸ்வீடன்ல ஸ்டாக்ஹோம் நகரத்துல ஒரு வழி செய்றாங்க, பெரிய பெரிய உடைகல்ல அடுக்கி இறுக்கி, அதோட சந்துல மண்ணையும் கரியையும் தண்ணிய பீச்சி எறக்குறாங்க. பாரத்த கல்லு தாங்கும், வேரும் தண்ணியும் சந்துல போகும். கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் குவாரில கழிவுக் கல்லு மலையா கெடக்கு, தேங்காத்தொட்டிக் கரியும் கெடைக்கும். ஒரு தெருவுலயாவது செஞ்சு பாக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

மரத்துல புங்கன்தான் என் தேர்வு. வறட்சி தாங்கும், நிழல் அடர்த்தி, இலை உதுத்தாலும் சீக்கிரம் துளிர்க்கும், உதுந்தத பெருக்கி கொளுத்தாம அங்கயே போட்டா மண்ணு பொலபொலன்னு ஆகும். மே ஃபிளவர் அழகுதான், ஆனா மேலாப்புல வேர் விடும், கெளை காத்துக்கு முறியும், குறுகலான தெருவுக்கு வேணாம். செப்டிக் டேங்க், சம்ப் பக்கத்துல எந்த மரமும் வேணாம்.

தெருக்காரங்க கிட்ட நாங்க கேட்டிருக்கிறது இதுதான்: கால்வாய் கட்டுங்க, ஆனா ஒரு பக்கம் மட்டும், மறு பக்கம் 3 அடி மண்ண விடுங்க, பெருமழைல மிஞ்சுறது மட்டும் கால்வாய்க்கு போகட்டும். அஞ்சு வீடு சரின்னுடுச்சு. ஐப்பசி மழைக்கு முன்னாடி ஆடிலயே கன்னு நட்டுடணும்னு அக்கா பன்னெண்டு பையில புங்கங்கொட்டை ஊன்றி வச்சிருக்காங்க, ஒம்போது மொளச்சிருக்கு.