புளி சிந்தும் மேடைக்கு எந்தக் கல்? கிரானைட், கடப்பா, மார்பிள், கோட்டா

கல் கடையில் எல்லா ஸ்லாபும் அழகாகத்தான் தெரியும். தண்ணீர் ஊற்றிக் கழுவி வெயிலில் சாய்த்து வைத்திருப்பார்கள். அந்தப் பளபளப்பில் மயங்கி வாங்கிவிட்டு, பிறகு மேடையில் எலுமிச்சம்பழம் நறுக்கவே பயப்படும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். நிறத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கல்மேல் தினமும் என்ன சிந்தப்போகிறது என்பதுதான் முதல் கேள்வி. நம் சமையலறையில் சிந்துவது புளித்தண்ணீர், எலுமிச்சை, தக்காளி, மோர், புளித்த மாவு. அத்தனையும் அமிலம்.

கிரானைட்டில் பெரும்பகுதி குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும். கடினத்தை அளக்கும் மோஸ் கணக்கில் 6, 7 வரும். மார்பிள், கடப்பா, கோட்டா, தாண்டூர் எல்லாம் சுண்ணாம்புக் குடும்பம். அவற்றில் இருக்கும் கால்சைட்டுக்கு மோஸ் 3தான். சமையல் கத்தி ஏறத்தாழ 5.5. அதனால் கத்தி மார்பிளைக் கீறிவிடும், கிரானைட்டிடம் தோற்றுவிடும். புளியும் அப்படித்தான்: கால்சைட்டைக் கரைக்கும், கிரானைட்டை ஒன்றும் செய்யாது. இதற்குச் சான்று வீட்டிலேயே இருந்தது. பாட்டியின் அம்மியில் எத்தனை வருடம் புளி வைத்துத் துவையல் அரைத்திருப்பார்கள்! தேய்ந்து வழுவழுப்பானதால் கொத்த வேண்டி வந்ததே தவிர, புளி அரித்து எந்தக் கருங்கல் அம்மியும் வீணாகவில்லை.

சமையல் மேடைக்குக் கிரானைட்டா, கடப்பாவா? இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள், காரணம் விலை. கடப்பா என்பது ஆந்திராவின் கடப்பா பக்கத்துக் கறுப்புச் சுண்ணாம்புக்கல். கிரானைட்டைவிட நன்றாகவே மலிவு. நாங்கள் முன்பு குடியிருந்த வாடகை வீட்டில் கடப்பா மேடைதான். அடுப்புக்கு வலப்பக்கம், புளி ஊறவைக்கும் கிண்ணம் வைக்கிற இடத்தில், கிண்ணத்தின் அடி அளவுக்கே ஒரு சாம்பல் வட்டம் இருந்தது. தேய்த்தால் போகாது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் இரண்டு நாள் கறுப்பாக இருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பு பட்டதும் வட்டம் திரும்பிவிடும். அது கறையாக இருந்தால் போயிருக்கும். கல்லின் மேல்தோலே அங்கே அரித்துப்போயிருந்தது.

ஆனால் கடப்பாவை ஒரேயடியாகத் தள்ளவும் மாட்டேன். மேடைக்குக் கீழே தட்டு, ஸ்டோர் ரூம் அலமாரி, லாஃப்ட் இவற்றுக்கு அதைவிடச் சிக்கனமான கல் இல்லை. கறையான் வராது, ஈரத்தில் உப்பாது. எடுக்கும்போது கனம் ஒரே சீராக இருக்கிறதா, ஓரத்தில் பொருக்கு விடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கிரானைட் என்று முடிவானால் அடுத்த கேள்வி வெளிர் நிறமா, கறுப்பா என்பது. வெளிர் கிரானைட் பல, எண்ணெயையும் மஞ்சளையும் சீக்கிரம் உறிஞ்சும். வாங்கும் முன் ஸ்லாபில் ஒரு கரண்டித் தண்ணீர் விட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். அந்த இடம் இருண்டால் சீலர் (கறை இறங்காமல் இருக்கக் கல்லில் பூசும் திரவம்) அடிக்காமல் அந்தக் கல் சமையலறைக்கு ஆகாது. நல்ல கறுப்புக் கல் அவ்வளவாக உறிஞ்சாது. அதன் தொல்லை வேறு: போர் தண்ணீர் காய்ந்தால் சிங்க்கைச் சுற்றி வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும். இரவு கடைசியாக உலர்ந்த துணியால் ஒரு முறை துடைக்கும் பழக்கம் இருந்தால் போதும். எனக்குக் கறுப்புதான் பிடித்தது, அதையே போட்டோம். சாயம் ஏற்றிய கல்லையும் கறுப்பு என்று விற்பதுண்டு. வெள்ளைப் பஞ்சில் நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு கறுத்தால் அந்த ஸ்லாபை விட்டுவிடுங்கள்.

சீலர் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சாதாரண சீலர் கல்லின் துளைகளுக்குள் இறங்கி எண்ணெய், மஞ்சள் உள்ளே போவதைத் தாமதப்படுத்தும். மார்பிளை எலுமிச்சை அரிப்பதை அது தடுக்காது. "சீலர் அடிச்சாச்சு, இனி கவலை இல்லை சார்" என்று சொல்லி எங்கள் பூஜை அறையில் வெள்ளை மார்பிள் போட்டுத் தந்தார்கள். முதல் ஆடி வெள்ளிக்கு அம்மா எலுமிச்சை விளக்கு ஏற்றினார். மறுநாள் துடைத்தபோது ஐந்து விளக்கு இருந்த இடத்தில் ஐந்து மங்கல் வட்டங்கள். அம்மா அன்று முழுக்கத் துணியும் கையுமாக அதைத் தேய்த்துக்கொண்டே இருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும் வேலையும் மார்பிள்மேல் கூடாது. பூஜை அறைக்கு மார்பிள்தான் வேண்டுமென்றால் விளக்குக்குக் கீழே ஒரு தாம்பாளம் கட்டாயம்.

தரைக்கு வந்தால் என் கணக்கு மாறுகிறது. அங்கே புளி அதிகம் சிந்தாது, மணல்தான் எதிரி. வாசல் மணலில் இருப்பதும் குவார்ட்ஸ் என்பதால், செருப்போடு வரும் மண் மார்பிளை நாளடைவில் மங்கடிக்கும். ராஜஸ்தானின் கோட்டா கல்லும் மென்மையானதுதான், ஆனால் அதன் பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் கீறல் அவ்வளவாகத் தெரியாது. மங்கினால் வீட்டிலேயே மிஷின் வைத்துத் திரும்ப பாலிஷ் போடலாம். கிரானைட்டுக்குத் தொழிற்சாலையில் ஏற்றிய பாலிஷ் போனால் வீட்டில் அதே மினுமினுப்பைக் கொண்டுவருவது கஷ்டம். ஈரம் பட்டால் வழுக்கவும் செய்யும். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் பளபளக்கும் கிரானைட் தரையைக் குளியலறைப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. கோட்டா போட்டவர்களுக்கு ஒன்று: வேலை முடிந்ததும் சிமெண்ட் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவ வருவார்கள். விடாதீர்கள். பாலிஷ் மொத்தமும் அதோடு போய்விடும்.

பராமரிப்பில் பெரிய ரகசியம் இல்லை. பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, தண்ணீர், துணி. கறை விழுந்தால் மட்டும் அதன் நிறத்தைப் பாருங்கள். சுற்றியுள்ள கல்லைவிட இருண்டிருந்தால் எண்ணெய் உள்ளே இறங்கியிருக்கிறது: சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து அப்பி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி, ஒரு நாள் விட்டு எடுங்கள். தேவைப்பட்டால் இரண்டு மூன்று முறை. வெளிறி மங்கியிருந்தால் அது அரிப்பு, பாலிஷ் ஒன்றே வழி. மஞ்சள் கறை வெயில் படும் இடத்தில் தானாகவே வெளுக்கும்.

கல் எடுக்கப் போகிறவர்கள் கடையில் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். வீட்டில் அதன்மேல் புளிக்கரைசல், நல்லெண்ணெய், மஞ்சள்தூள் மூன்றையும் தனித்தனியாக வைத்து ஓர் இரவு விடுங்கள். காலையில் கழுவி, காய்ந்தபின் ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஸ்லாபுக்கு அட்வான்ஸ் கொடுப்பதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.