மேற்குச் சுவருக்கு வெளியே இன்னொரு சுவர்: சத்துவாச்சாரியில் ஒரு கோடை கழித்து எழுதுகிறேன்

எங்கள் வீடு வேலூர் சத்துவாச்சாரியில், மாமனார் 1994-ல் கட்டியது. தரைத்தளம், மேலே மொட்டை மாடி, அவ்வளவுதான். மேற்குப் பக்கத்து அறையில் அத்தை படுத்திருக்கிறார். வயது 81, எழுந்து நடமாட முடியாது. அதே அறை ஜன்னலோரம்தான் என் தையல் மெஷின். ஜாக்கெட் தைப்பது, ஃபால்ஸ் அடிப்பது, அயர்ன் போடுவது எல்லாம் அவர் பக்கத்திலேயே நடக்கும். இந்தச் சுவர் விஷயத்தில் நான் இவ்வளவு அலைந்தது அத்தைக்காகத்தான்.

பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வெயில் சாய்ந்து அந்தச் சுவர் முழுக்க அடிக்கும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, ராத்திரி எட்டு ஒன்பது மணிக்கு மேல் அறைக்குள்ளே விடும். தெருவில் லேசாகக் காற்று வர ஆரம்பித்திருக்கும், ஆனால் உள்ளே சுவரில் கை வைத்தால் இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் மாதிரி இருக்கும். 2024 கோடையில் 42 டிகிரியைத் தாண்டிய நாட்கள் தொடர்ந்து வந்தன. அத்தைக்கு முதுகு முழுக்க வேர்க்குரு. கட்டிலை நடு அறைக்கு இழுத்துப் போட்டு, ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து விடுவேன். ஒரு டன் ஏசி இருக்கிறது. ஆனால் சுவரே சூடு விட்டுக்கொண்டிருக்கும்போது அது எவ்வளவு நேரம்தான் ஓடும்? அந்த இரண்டு மாத மின் கணக்கு 640 யூனிட். 500-ஐத் தாண்டினால் அதற்கு மேல் யூனிட் விலை எப்படி ஏறும் என்று பில் கட்டுகிற எல்லோருக்கும் தெரியும்.

அதற்கு முன்பே ஒருமுறை செலவு செய்து பார்த்தாயிற்று. மொட்டை மாடிக்கு வெயில் தடுக்கும் வெள்ளைப் பெயின்ட் என்று ஒரு ஏஜென்ட் வந்து 18,000 ரூபாய்க்கு அடித்துக் கொடுத்தார். முதல் கோடை நிஜமாகவே நன்றாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் பழைய தட்டோட்டின் விரிசலைச் சுத்தம் செய்யாமல், பாசியைச் சுரண்டாமல், அதன் மேலேயே அடித்துவிட்டார்கள். ஐப்பசி மழையில் ஓரங்களில் உரிந்தது. உரியாத இடத்தில் பைபாஸ் புழுதி படிந்து பழுப்பாகிவிட்டது. வெள்ளையாக இருக்கும்வரைதான் அந்தப் பெயின்ட் வெயிலைத் திருப்பி அனுப்பும். வருஷம் இரண்டு முறை தேய்த்துக் கழுவ முடிந்தவர்கள் மட்டும் அதை நம்பலாம். கேட்டால் மேற்குச் சுவருக்கும் இதையே அடிக்கலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன்.

இன்னொரு சுவர் யோசனை வந்தது என் மகளிடமிருந்து. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் நர்ஸாக இருக்கிறாள். அங்கே அவள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு வெளிச்சுவர் ஒன்றல்ல, இரண்டு. நடுவில் இரண்டு அங்குலம் போல வெற்றிடம். மழையில் வெளிச்சுவர் நனைந்தாலும் உள்சுவருக்கு ஈரம் வரக்கூடாது என்று அந்த ஊரில் கிட்டத்தட்ட நூறு வருஷமாக அப்படிக் கட்டுகிறார்களாம். குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டால் உள்ளே இருக்கும் சூடு அந்தச் சுவர் வழியாகத்தான் வெளியே போகும். அதனால் அந்த வீட்டு ஓனர் ஆள் வைத்து, வெளியிலிருந்து சாந்து இணைப்புகளில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, தெர்மாகோல் மணிகளைப் பசையோடு ஊதி அந்த வெற்றிடத்தை நிரப்பினார். பாதி நாள் வேலை. ஓட்டைகளை அடைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஜனவரியில் வீடியோவில் பேசும்போது, "அம்மா, சுவர் பக்கம் படுத்தா முதுகு சில்லுனு இருக்கும்ல, இப்ப இல்ல. ஹீட்டரும் பாதி நேரம்தான் ஓடுது" என்றாள். காஸ் பில்லும் குறைந்திருக்கிறது.

அவள் சொன்ன ஒரு விஷயம் என் மனதில் நின்றது. ஊதுவதற்கு முன்னால் ஒரு ஓட்டை போட்டு, மெல்லிய குழாய் கேமராவை உள்ளே விட்டு, வெற்றிடம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்தார்களாம். கட்டும்போது விழுந்த கலவைக் கட்டி உள்ளே குவிந்திருந்தால், அந்த இடத்தில் ஈரம் வெளிச்சுவரிலிருந்து உள்சுவருக்குத் தாவிவிடும். சாரல் நேராக அடிக்கிற பக்கங்களில், பார்க்காமல் நிரப்பிய வீடுகளில், உள்சுவரில் ஓதம் ஏறியதும் உண்டாம்.

அங்கே சூடு வெளியே போகக்கூடாது, இங்கே உள்ளே வரக்கூடாது. சுவருக்கு இரண்டும் ஒன்றுதானே? நம்முடைய ஒன்பது அங்குலச் சுவரில் வெற்றிடம் கிடையாது. அதனால் நிரப்புகிற பேச்சே இல்லை, வெளியே புதிதாக ஒரு சுவர் எழுப்பியாக வேண்டும். இதைச் சொன்னதும் நான்கு கொத்தனார்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். ஐந்தாவதாக வந்தவர் கணியம்பாடிப் பக்கத்து மேஸ்திரி. ஒரு தோட்ட வீட்டுக்குச் செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி, நடுவில் பொந்து விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு வேலை செய்திருக்கிறார். கேரளத்தில் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் பரப்பிய முறை அது. செங்கலும் மிச்சமாகும், பொந்தில் நிற்கும் காற்று சூட்டையும் தடுக்கும். "கேப்பு வுட்டுக் கட்டறது பெருசு இல்லக்கா. உள்ள கலவை வுழாம கட்டணும், அதுதான் வேலை" என்றார். லீட்ஸில் கேமரா வைத்துப் பார்த்ததையே இவரும் சொல்கிறாரே என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

பொங்கல் கழிந்து 2025 பிப்ரவரியில் ஆரம்பித்தோம். சுவர் பதினான்கடி நீளம், பத்தடி உயரம், நடுவில் ஒரு ஜன்னல். புதுச் சுவரைப் பழைய சுவர்மேல் சாய்த்துக் கட்ட முடியாது, அதற்கென்று தனியாக இரண்டடி ஆழம் வானம் தோண்டி அடித்தளம் போட்டார். பழைய சுவரின் வெளிமுகத்தில் ஒரு அங்குல தெர்மாகோல் பலகை ஒட்டி, அதற்கு முன்னால் ஒரு அங்குலம் வெற்றிடம், அதற்கு வெளியே நான்கரை அங்குலச் சுவர். ஒரு அங்குல தெர்மாகோல் சூட்டைத் தடுப்பதில் ஏறக்குறைய இருபது அங்குலச் செங்கல்லுக்குச் சமம். அதனால் காசு போவது செங்கல்லில் என்றாலும் பெரும்பாலான வேலையை அந்தப் பலகைதான் செய்கிறது. வெளிச்சுவர் அதை வெயிலிலும் மழையிலும் காக்கிறது.

இரண்டு சுவரையும் பிடித்துக்கொள்ள துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பிகள் வைத்தார். படுக்கையாக மூன்றடிக்கு ஒன்று, உயரத்தில் ஒன்றரையடிக்கு ஒன்று. கம்பியை நடுவில் முறுக்கி, வெளிப்பக்கம் கொஞ்சம் தாழ்வாகச் சாய்த்து வைத்ததைப் பார்த்து ஏன் என்று கேட்டேன். வெளிச்சுவரில் ஊறும் தண்ணீர் கம்பி வழியே உள்ளே நடந்து வராமல் முறுக்கிலேயே சொட்டிவிடுமாம்.

இனி அந்தக் கலவை விஷயம். வெற்றிடத்தின் அகலத்துக்கு ஒரு மரச்சட்டம் இழைத்து, இரண்டு முனையிலும் கயிறு கட்டி உள்ளே படுக்க வைத்துவிட்டார். செங்கல் வைக்கும்போது பிதுங்கி விழும் கலவை எல்லாம் அந்தச் சட்டத்தின் மேல் விழும். ஒன்றரையடி எழும்பியதும் கயிற்றைப் பிடித்துத் தூக்கி, வழித்துப் போட்டுவிட்டு, அடுத்த கம்பி வரிசைக்கு மேல் திரும்ப வைப்பார். ஒரு நாளைக்கு மூன்றடிக்கு மேல் எழுப்பவில்லை. சித்தாள் அவசரத்தில் ஒருநாள் சட்டத்தை வைக்க மறந்துவிட்டார். இரண்டு வரிசையை அப்படியே பிரித்துவிட்டு மறுபடியும் கட்டினார் மேஸ்திரி. அந்தச் செங்கல்லுக்கும் கூலிக்கும் என்னிடம் காசு கேட்கவில்லை.

அடியில் மூன்றடிக்கு ஒரு சிறு குழாய் வைத்துத் தண்ணீர் வடிய வழி விட்டிருக்கிறார், அதன் வாயில் கொசுவலை. மேலே இடைவெளி திறந்திருந்தால் அணில் கூடு கட்டும் என்று கடப்பா கல்லைப் பலகையாக வைத்து மூடினார். ஒயரிங் பைப் ஒன்று பழைய சுவரின் வெளியில் ஓடியது. தெர்மாகோல் பட்டால் ஒயரின் மேலுறை காலப்போக்கில் கெட்டுவிடும் என்று எலெக்ட்ரீஷியனை வரவழைத்து அதை உள்ளே மாற்றச் சொன்னதும் மேஸ்திரிதான்.

சுவருக்கு மட்டும் 46,500 ரூபாய் ஆனது: 750 சேம்பர் செங்கல், எம்சாண்ட், சிமென்ட், கம்பி, தெர்மாகோல், பூச்சு, கூலி எல்லாம் சேர்த்து. அந்த அறைக்கு மேலே மட்டும் உரிந்த பெயின்டைச் சுரண்டி, விரிசலை அடைத்து, வெள்ளைக் கூலிங் டைல்ஸ் பதித்ததற்கு 11,500. கையில் 40,000 மட்டும் இருப்பவர்கள் முதலில் மாடியைப் பாருங்கள். உச்சி வெயில் முழுவதும் மாடிமேல்தான் விழுகிறது, சுவருக்குச் சாயங்காலம்தான் முறை வரும். எனக்கு அறையின் அமைப்பால் இரண்டும் தேவைப்பட்டது.

பலனுக்கு வருகிறேன். 250 ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி அத்தையின் தலைமாட்டில் மாட்டி, 2024-லிருந்தே காலண்டரில் குறித்து வருகிறேன். அந்த வருஷம் அக்னி நட்சத்திரத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கு, ஏசி போடுவதற்கு முன்னால், பெரும்பாலும் 37. 2025-ல் அதே நாட்களில் 33, 34. இரண்டு கோடையும் ஒன்றல்ல, இடையில் மழை பெய்த நாட்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை. என் கைக்கு இதைவிட நன்றாகத் தெரிகிறது. ஒன்பது மணிக்குச் சுவரைத் தொட்டால் அறையில் இருக்கும் மர பீரோவைத் தொட்ட மாதிரிதான் இருக்கிறது. ஏசியைப் பத்து மணிக்குப் போட்டு ஒரு மணிக்கு நிறுத்திவிடுகிறேன், விடியும்வரை அறை தாங்குகிறது. இரண்டு மாத கணக்கு 470 யூனிட். போட்ட பணம் மின் பில்லில் திரும்பி வர வருஷக்கணக்காகும், அதற்காக மட்டும் என்றால் யாரும் இதைச் செய்ய வேண்டாம். அத்தையின் முதுகில் இந்தக் கோடையில் வேர்க்குரு இல்லை. கட்டில் சுவரோரம் பழைய இடத்துக்கே போய்விட்டது.

குறை இல்லாமல் இல்லை. ஜன்னல் இப்போது ஏழு அங்குலம் உள்வாங்கிவிட்டது, கதவு முழுதாகத் திறக்கவில்லை. கீல் மாற்ற 1,400 ரூபாய் தனியாக ஆனது. இதை முன்பே யோசித்திருக்க வேண்டியது மேஸ்திரியின் பொறுப்பு, அவரிடமே சொன்னேன், ஒத்துக்கொண்டார். கண்ணாடி வழியாக வருகிற வெயிலுக்குப் புதுச் சுவரால் ஒன்றும் செய்ய முடியாது. வெட்டிவேர்த் தட்டி கட்டி, நான்கு மணிக்குத் தண்ணீர் தெளிக்கிறேன். வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் இருந்த நாலடிச் சந்து மூன்றடி ஐந்து அங்குலமாகிவிட்டது, மகன் வண்டியைப் பின்பக்கம் கொண்டுபோக முடியவில்லை. சந்து ஏற்கெனவே குறுகலாக இருப்பவர்களுக்கு இந்த முறை சரிவராது. தெர்மாகோலில் எறும்பு புற்று வைக்கும் என்று பக்கத்து வீட்டு அண்ணன் பயமுறுத்தினார். இதுவரை இல்லை, மாதம் ஒருமுறை அடிக்குழாய்களைப் பார்த்துவருகிறேன்.

ஐப்பசி மழை முழுவதும் பெய்து முடித்தது. உள்சுவரில் ஒரு இடத்தில்கூட ஓதம் இல்லை, குழாய் வழியாக மட்டும் இரண்டு நாள் தண்ணீர் சொட்டியது.

யாராவது கட்டுவதாக இருந்தால், மேலே கடப்பா கல் வைத்து மூடுவதற்கு முந்தின சாயங்காலம் ஏணி போட்டு ஏறி, டார்ச் அடித்து இடைவெளிக்குள் அடிவரை நீங்களே பாருங்கள். எங்கள் மேஸ்திரி நான் கேட்காமலே ஏணியைப் பிடித்துக்கொண்டு, "ஏறிப் பாத்துக்கக்கா, அப்புறம் மூடிட்டா தெரியாது" என்றார். அடியில் குழாய் வாய்களின் வெளிச்சம் ஐந்தும் தெரிந்தது.