ஒன்பது ஆண்டு, ஒரு மொரிஸ் மைனர்: வெள்ளவத்தை வீட்டுக் கராஜில் ஹொட் றொட் கட்டும் அனுபவம்

எங்கள் கராஜ் கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. பத்தடி அகலம், பதினெட்டடி நீளம். மொரிஸ் மைனர் பன்னிரண்டேகால் அடி நீளமும் ஐந்தடிக்குச் சற்றுக் கூடிய அகலமும் உள்ள கார். நடுவில் நிறுத்தினால் பக்கத்துக்கு இரண்டரை அடிகூடச் சரியாக மிஞ்சாது. அந்த இடுக்கில் நின்றுதான் 2016 முதல் வேலை செய்கிறேன். கார் இப்போது தன் பலத்தில் நகர்கிறது, நிற்கிறது. பெயின்ற் இன்னும் இல்லை, கண்ணாடிகள் இன்னும் பழைய பெட்ஷீட்டில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன.

வீட்டில் இப்படி ஒரு காரைக் கட்ட நினைப்பவர்கள் முதலில் செலவைத்தான் கேட்பார்கள். எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் காலத்தைப் பற்றி. குறிப்பாக, கடலோரத்தில் வேலை ஏன் இழுபடுகிறது, இழுபட்டாலும் கெட்டுப்போகாமல் அதை எப்படி வைத்திருப்பது என்பது பற்றி.

ஹொட் றொட் என்பது 1930களிலும் 40களிலும் கலிபோர்னியாவில் பிறந்த பழக்கம். இளைஞர்கள் பழைய ஃபோர்ட் கார்களின் மட்கார்டுகளைக் கழற்றி, எடையைக் குறைத்து, எஞ்சினுக்குப் பலமேற்றி, மியூரொக் போன்ற வற்றிய ஏரிப் படுகைகளில் வேகம் பார்த்தார்கள். 1932இல் ஃபோர்ட் கொம்பனி 65 குதிரைவலு வீ8 எஞ்சினை மலிவான காரிலேயே போட்டு விற்றது அவர்களுக்குப் பெரிய வாய்ப்பாக அமைந்தது. அந்தக் காரும் அந்த எஞ்சினும் என் கைக்கு எட்டாதவை. ஆனால் பாரம் குறைந்த பழைய உடல், அதற்குள் அதைவிடப் பலமான எஞ்சின் என்ற கணக்கு எந்த ஊருக்கும் பொருந்தும். நம் ஊரில் அதற்குத் தோதான கார் மொரிஸ் மைனர்.

அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த கார் அது. 1990களில் அதன் உடற்தகடுகளை இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் பெருமைதான். என்னுடையது 1959ஆம் ஆண்டின் இரண்டு கதவு மைனர் 1000. 948 சிசி, 37 குதிரைவலு, எடை எண்ணூறு கிலோவுக்கும் குறைவு. முன்னும் பின்னும் நான்கு மட்கார்டுகளும் போல்ட்டில்தான் பூட்டியிருக்கும், கழற்றித் தனியாக வேலை செய்யலாம். தனிச் செஸி, அதாவது பாரம் தாங்கும் அடிச்சட்டம், கிடையாது; உடலே செஸி. இந்தக் கடைசி விஷயத்தின் முழு அர்த்தம் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

முதல் பெரிய அடி 2017 மே மாதம். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு உடலை மணல் அடிக்க, அதாவது காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சிப் பழைய பெயின்றையும் துருவையும் உரிக்க, கொடுத்தேன். மணல் அடித்த அன்றே பிறைமர் (பெயின்றுக்கு முந்திய அடிப்பூச்சு) அடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அடிக்காமலே லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மாலையில் வந்து இறங்கியபோது வெள்ளியைப் போல இருந்தது. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிய நேரம் அது. ஒழுங்கையின் முடிவில் ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். விடியக் கதவைத் திறந்தால் கார் முழுக்கச் செம்மஞ்சள். விரலால் தேய்த்தால் விரலில் ஒட்டியது. கராஜ் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

துருவை மட்டும் தேய்த்துவிட்டுப் பெயின்ற் அடித்தால் போதும் என்று சொன்னவர்கள் உண்டு. போதாது. கடல் காற்றில் வரும் உப்பு மணல் அடித்த பரப்பின் நுண்ணிய பள்ளங்களில் தங்கிவிடும். அதற்கு மேல் எதை அடித்தாலும் அந்த உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ஆறு மாதத்தில் பெயின்றுக்குக் கீழே கொப்புளம் போடும். நல்ல தண்ணீரால் கழுவி, பொஸ்பரிக் அமிலம் பூசி, மறுபடியும் கழுவி, உடனே சூடான காற்றில் உலர்த்தி, அன்றைக்கே எபொக்சி பிறைமர் அடிக்க வேண்டும். முழுக் காரையும் ஒரே நாளில் இப்படிச் செய்ய ஒரு ஆளால் முடியாது. ஆகவே துண்டு துண்டாகச் செய்தேன். அதற்கே பதினொரு மாதம் போனது.

அதிலிருந்து எனக்கு ஒரு விதி வந்தது. இந்த ஞாயிறு திறந்த இரும்பை அடுத்த ஞாயிறுக்குள் மூடிவிட வேண்டும். மூட முடியாது என்று தெரிந்தால் திறக்கவே கூடாது. ஒரு கதவின் அடிப்பகுதி, ஒரு ஸ்பிரிங் ஹாங்கர் (ஸ்பிரிங்கைத் தாங்கும் பிடி), அவ்வளவுதான் ஒரு தடவைக்கு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேலை நகராதது போலத் தெரியும். ஆனால் 2018க்குப் பிறகு மூடிய எதையும் துருவுக்காக நான் இரண்டாவது தடவை திறந்ததில்லை.

பிறைமர் பற்றிக் கேட்பவர்களுக்காக நான் பார்த்ததைச் சொல்கிறேன். 2018இல் ஒரே தகட்டிலிருந்து மூன்று துண்டு வெட்டி, ஒன்றில் சாதாரண ரெட் ஒக்சைட், ஒன்றில் சாம்பல் நிற ஒற்றைப் பொதிப் பிறைமர், ஒன்றில் இரண்டு பொதி எபொக்சி (இரண்டு டின்னில் வருவதைக் கலந்து அடிப்பது) அடித்து, கராஜின் பின்சுவரில் வெளிப்பக்கமாகக் கட்டித் தொங்கவிட்டேன். ரெட் ஒக்சைட் இரண்டாவது மழைக்காலத்தில் ஓரங்களில் வெடித்தது. சாம்பல் பிறைமர் வெளியே நன்றாக இருந்தது, கத்தியால் சுரண்டினால் உள்ளே பழுப்பு. எபொக்சித் துண்டில் இன்றுவரை நான் ஆணியால் கீறிய கோட்டில் மட்டும்தான் துரு. ஒற்றைப் பொதிப் பிறைமர்கள் பொதுவாக ஈரத்தை உள்ளே விடுகின்றன. நம் பக்கம் எபொக்சியில் காசு மிச்சம் பிடிக்கவே கூடாது.

வெல்டிங்குக்கு வருகிறேன். மைனரின் தகடு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்பு. முதலில் கையில் இருந்த ஆர்க் வெல்டிங் மெஷினால் முயன்றேன், வைக்கிற இடமெல்லாம் ஓட்டை. பிறகு காஸ் இல்லாத மிக் மெஷின் (கம்பியைத் தானே ஊட்டும் வெல்டிங் மெஷின்) ஒன்று வாங்கினேன். ஒட்டியது, ஆனால் சுற்றிலும் தெறித்த பொட்டுகளை அரைத்து எடுக்கவே பாதி நாள் போகும். காஸ் சிலிண்டரும் 0.6 மில்லிமீற்றர் கம்பியும் போட்டு வேலை செய்யும் மெஷினுக்கு மாறிய பிறகுதான் வெல்டிங் எனக்குப் பிடித்த வேலையானது. இங்கே ஒரு பொட்டு, ஒரு அடி தள்ளி இன்னொரு பொட்டு, சூடு ஆறும்வரை காத்திருந்து மறுபடியும். ஒரேயடியாக இழுத்தால் தகடு அப்பளம் போல நெளிந்துவிடும். முதல் மெஷினையே நல்லதாக வாங்கியிருந்தால் ஒரு ஆண்டு மிஞ்சியிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன்.

உடலே செஸி என்றேனே, அதன் விலையை இடது பக்கத்தில் கொடுத்தேன். கதவுக்குக் கீழே உள்ள சில் என்ற விளிம்புத் தகடு முழுக்க உக்கிப்போயிருந்தது. வெட்டி எடுத்துவிட்டுப் புதியதை வைத்தேன். கதவைப் பூட்டிப் பார்த்தால் மேல் மூலை இடித்தது, ஆறு மில்லிமீற்றர் குறைவு. சில் இல்லாத நேரத்தில் கார் தன் பாரத்தாலேயே நடுவில் தொய்ந்திருக்கிறது. மறுபடியும் வெட்டி, ஜாக் வைத்துத் தூக்கி, கதவு இடைவெளிக்குக் குறுக்கே சதுரக் குழாய் ஒன்றை வெல்ட் செய்து இறுக்கிவிட்டுத் திரும்பச் செய்தேன். ஐந்து மாதம். வலது பக்கத்தில் வெட்டுவதற்கு முன்பே குழாய் போட்டேன், கதவைக் கழற்றாமலே வேலை செய்தேன். மூன்று வாரத்தில் முடிந்தது.

எஞ்சின் டொயோட்டா 5கே. 1486 சிசி, கார்புரேட்டர், செயின் டைமிங், கம்பியூட்டர் எதுவும் இல்லாத நேர்மையான எஞ்சின். டவுன் ஏஸ் வான்களில் வந்தது. பழைய வாகனப் பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் மூன்று சனிக்கிழமை அலைந்து ஒன்றைப் பிடித்தேன். கியர்பெட்டியோடு சேர்த்துத் தரச் சொன்னபோது கடைக்கார நானா என்னைத் தடுத்தார். "தம்பி, இது வான்ட பெட்டி. லீவர் உங்கட காருக்கு ஒருநாளும் சரிவராது. டீஎக்ஸ் வாகன்ட அஞ்சு கியர் பெட்டி வரும், போன் நம்பரத் தந்துட்டுப் போங்க." கையில் இருந்ததை விற்றுவிடாமல் இப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? இரண்டு மாதம் கழித்து அழைத்தார். அந்தக் கொரோலா டீஎக்ஸ் வாகன் கியர்பெட்டி 5கேயோடு அப்படியே பொருந்தியது.

எஞ்சின் மவுண்ட் செய்து தந்தவர் என் பெரியப்பா. இரத்மலானை ரயில்வே வேலைத்தளத்தில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் நான்கு தடவை அளந்து எழுதி வைத்திருந்த தாளை அவர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "அளந்தது சரியோ எண்டு என்னட்டக் கேளாத தம்பி. மட்டையில வெட்டி வச்சுப் பார், அது சொல்லும்" என்றார். முதலில் அட்டைப்பெட்டி மட்டை, பிறகு பிளைவூட், கடைசியாகத்தான் இரும்பு. மூன்று வடிவம் மாறியது. எஞ்சினை இரும்புச் சங்கிலியில் தொங்கவிட்டு இறக்கி ஏற்றியது பதினான்கு தடவை. இரும்பில் வெட்டியதை ஒரு தடவைகூட மாற்றவில்லை.

மைனரின் மின்சாரம் பொசிட்டிவ் ஏர்த், அதாவது பற்றரியின் பொசிட்டிவ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். டைனமோவைக் கழற்றிவிட்டு டொயோட்டாவின் ஒல்டர்னேற்றரை வைத்தால் பற்றரியைத் திருப்பிப் போட்டு நெகட்டிவ் ஏர்த்துக்கு மாற வேண்டும். வயரிங் முழுவதையும் புதிதாக இழுத்தேன். அதைச் செய்தது 2022இல், ஒரு நாளில் பதின்மூன்று மணிநேரம்வரை மின்சாரம் நின்ற நாட்களில். வெல்டிங் முடியாது, கிரைண்டர் முடியாது. சார்ஜ் விளக்கு வெளிச்சத்தில் வயர் நுனிகளை உரித்து, ஒவ்வொன்றிலும் இலக்கத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சில மாதங்களில் டொலர் 200 ரூபாவிலிருந்து 350ஐத் தாண்டியது. இங்கிலாந்திலிருந்து எடுக்க நினைத்த முன் டிஸ்க் பிரேக் கிட்டைத் தள்ளிப்போட்டேன். பெற்றோல் வரிசையில் காத்திருந்த நேரத்தில் கியர்பெட்டியின் வரைபடத்தை மனப்பாடம் செய்தேன்.

பிரேக்கை எஞ்சினுக்கு முன்பே செய்திருக்க வேண்டும். இதை யாராவது எனக்கு முதலில் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். 948 சிசி மைனரில் நான்கு சக்கரத்திலும் ஏழு அங்குல டிரம். 37 குதிரைவலுவுக்கே அது அளவானதுதான். மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடித் தரைக்குக் கீழே இருக்கிறது, அதன் போல்ட்டுகளை வெளியே இழுக்கவிடாமல் டோர்ஷன் பார் (முன் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்காக வேலை செய்யும் இரும்புத் தண்டு) மறிக்கிறது. ஒரு சிறிய றப்பர் வளையத்தை மாற்ற முன் சஸ்பென்ஷனில் கை வைக்க வேண்டியிருந்தது. எஞ்சின் 2021இலேயே ஓடியது. ஆனால் நிறுத்த வழியில்லாத காரை நகர்த்த முடியாது என்பதால் இரண்டரை ஆண்டு சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். டிஸ்க் கிட் வந்து பூட்டியது 2024இல். இன்னொன்று, சாதாரண பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஓடாமல் நிற்கும் கார்தானே என்று விட்டுவிடாதீர்கள். நம் ஊர்க் காற்றில் இரண்டு ஆண்டில் தேநீர் நிறத்துக்கு வந்து, சிலிண்டரை உள்ளிருந்தே அரித்திருந்தது.

பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கம் இருக்கிறது. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைப் பதிய வேண்டும். எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். வேலை தொடங்குவதற்கு முன்பே போய் என்னென்ன வேண்டும் என்று விசாரியுங்கள்.

எனக்குக் கிடைப்பது ஞாயிறு காலை மூன்று மணிநேரமும் போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களும்தான். போயா அன்று கிரைண்டர் தொடமாட்டேன். பக்கத்து வீட்டு அம்மா அன்று பௌத்த விரதம் இருப்பவர். அன்றைக்குக் கழுவுவது, துடைப்பது, பெட்டிகளில் பெயர் எழுதுவது. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டும் எந்த இடத்தது என்று எழுதிய பொலித்தீன் பையில் ஒரு சொட்டு ஒயிலோடு இருக்கிறது. 2016இல் கட்டிய பையை 2024இல் திறந்தபோது உள்ளே போட்டது போலவே பளபளத்தது. ஒன்பது ஆண்டில் நான் வாங்கிய சாமான்களில் அந்தப் பைகளுக்குத்தான் முதலிடம் கொடுப்பேன். இரண்டாவது இடம் தூக்கிய காரைத் தாங்கி நிறுத்தும் ஆக்ஸில் ஸ்டாண்ட் நான்குக்கு. ட்ரொலி ஜாக்கை மட்டும் நம்பி யாரும் காருக்கு அடியில் போக வேண்டாம். மூன்றாவது, பாதுகாப்புக் கண்ணாடி. அதைப் போடாத ஒரே ஒரு நாளில் இரும்புத் துகள் கண்ணில் பட்டு, கண் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

போன தை மாதம் ஒரு ஞாயிறு அதிகாலை, ஒழுங்கை வெறிச்சென்று இருந்த நேரம், கேற்றிலிருந்து ரயில் பாதைவரை போய்த் திரும்பினேன். மகள் பக்கத்தில், பழைய மரப்பெட்டியில் கட்டிய சீட்டில். இரண்டாவது கியருக்கு மேல் போகவில்லை. திரும்பும்போது பெரியப்பா வாசலில் நின்று கையைக் காட்டி நிறுத்தினார். குனிந்து சக்கரத்தின் உட்பக்கத்தைத் தடவிப் பார்த்து, "இடது பின்பக்கம் கொஞ்சம் ஒயில் கசியுது, பார்த்தனியோ?" என்றார்.

ஆக்ஸில் சீல்தான். கழற்றி வைத்திருக்கிறேன், ஞாயிறுக்குள் மூட வேண்டும்.