சுவிஸ் மேனேஜர்: செம்பூர் போட்டி மேஜையிலிருந்து

மும்பை செம்பூரில் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்காக வருடத்துக்கு மூன்று நான்கு ஞாயிற்றுக்கிழமை செஸ் போட்டிகள் நடத்துகிறோம். அறுபது எழுபது பேர் வருவார்கள், ஆறு சுற்று. 2018 வரை பேரிங் (யார் யாரோடு ஆடுவது என்று ஜோடி போடுவது) எல்லாம் அட்டையில்தான். ஆளுக்கு ஓர் அட்டை, அதில் எதிராளி எண், நிறம், புள்ளி. ஐந்தாவது சுற்றுக்கு ஜோடி போட முக்கால் மணி நேரம் பிடிக்கும், அதற்குள் சின்னப் பிள்ளைகள் பசியில் அழ ஆரம்பித்துவிடுவார்கள். அப்போது வாங்கியதுதான் சுவிஸ் மேனேஜர் என்ற பேரிங் மென்பொருள். ஆஸ்திரியாவின் ஹைன்ஸ் ஹெர்சாக் எழுதியது, விண்டோஸில் ஓடும். போட்டி முடிவுகளை வெளியிடும் செஸ்-ரிசல்ட்ஸ் தளமும் அவருடையதுதான், அதனால் முடிவுகளை நேராக அங்கே ஏற்றிவிடலாம். பேரிங் சில நொடி வேலை.

சிரமம் பெயர்களில் இருக்கிறது. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் பட்டியலில் ஆனந்த் ‘ஆனந்த், விஸ்வநாதன்’ என்று இருக்கிறார், குகேஷோ ‘குகேஷ் டி’. நம் பிள்ளைகளுக்கும் இதே கதைதான், பள்ளியில் அப்பா பெயர் கடைசியில் வரும், ஃபிடேயில் இனிஷியல் மட்டும் இருக்கும், பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காது, அல்லது அதே பெயரில் வேறொரு பையன் வந்து நிற்பான். தவறான ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) ஏறினால் முதல் சுற்றே கோணலாகிவிடும், ஏனென்றால் ரேட்டிங் வரிசையின் மேல்பாதியைக் கீழ்பாதியோடு மோதவிடுவதுதான் முதல் சுற்று. அதனால் இப்போதெல்லாம் பதிவுப் படிவத்தில் ஃபிடே எண்ணைத்தான் முதலில் கேட்கிறோம்.

அடுத்தது, மென்பொருள் போட்ட ஜோடியில் கையை வைக்காதீர்கள். ஒரு முறை இரண்டாம் சுற்றில் ஒரே பில்டிங் பிள்ளைகள் இரண்டு பேர் மோதினார்கள். ‘மாத்தி விடுங்க சார், வீட்டுல தினமும் இவங்கதான் ஆடுறாங்க’ என்று ஓர் அம்மா கேட்டார், நானும் இரக்கப்பட்டுக் கையால் மாற்றினேன். நான்கு பேருடைய எதிராளியும் நிறமும் மாறியது. இன்னொரு பையனின் அப்பா கண்டுபிடித்து என் முன்னால் வந்து நின்றபோது சொல்வதற்கு என்னிடம் நியாயம் எதுவும் இல்லை. டச்சு முறை என்ற பேரிங் விதிகளின்படி ஒரே புள்ளி உள்ளவர்களைச் சேர்க்க வேண்டும், ஒரு முறை ஆடியவர்கள் மறுபடி ஆடக்கூடாது, மூன்று முறை தொடர்ந்து ஒரே நிறம் கூடாது (கடைசிச் சுற்றில் முன்னணியில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு). இத்தனையையும் பார்த்துத்தான் மென்பொருள் ஜோடி போடுகிறது. ‘ஏன் மறுபடியும் கறுப்பு’ என்று கேட்பவரிடம் விதியைக் காட்டிப் பேசலாம், நாம் மாற்றிய ஜோடிக்கு எதைக் காட்டுவது?

என் பெரிய தவறு முடிவைப் பதிவதில் நடந்தது. கறுப்பு ஜெயித்த ஆட்டத்தை வெள்ளைக்குப் போட்டுவிட்டேன். அடுத்த சுற்று தொடங்கிப் பத்து நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது. முடிவைத் திருத்தலாம், ஆனால் அந்தத் திருத்தம் இனி போடப்போகும் பேரிங்கில்தான் எதிரொலிக்கும், நடக்கிற ஆட்டத்தை நிறுத்த முடியாது. ஜெயித்த சிறுமி ஒரு சுற்று முழுக்கத் தன் புள்ளிக்குக் கீழே ஆடினாள், பலமான எதிராளிகள் கிடைக்காததால் அவளுடைய புக்ஹோல்ஸும் குறைந்தது. புக்ஹோல்ஸ் என்பது எதிராளிகள் எடுத்த புள்ளிகளின் கூட்டுத்தொகைதானே. சமப் புள்ளியில் முடித்தவர்களைப் பிரிக்கும் டை-பிரேக்கில் கோப்பை போனது. அவளுடைய தாத்தாவிடம் மன்னிப்புக் கேட்டேன், இன்றும் அது உறுத்துகிறது.

மழைக்காலம் வேறு. ஜூலையில் ஹார்பர் லைன் ரயில் நின்றால் பாதிப் பேர் தாமதம். பதிவானவர்களை எல்லாம் அப்படியே ஜோடி போட்டால் ஆளில்லாத போர்டுகள்தான் மிஞ்சும். அதனால் வருகை எடுத்து, வந்தவர்களை மட்டும் முதல் சுற்றில் போடுகிறேன், மற்றவர்கள் இரண்டாம் சுற்றில் சேருவார்கள். அரைப் புள்ளி பை (ஆடாத சுற்றுக்குத் தரும் அரைப் புள்ளி) உண்டா இல்லையா என்பதைப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள், காலையில் வாதம் வராது.

இப்போது முடிவுச் சீட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். நான் பதிந்ததும் ஒரு தன்னார்வலர் போர்டு எண்ணோடு சத்தமாக வாசிப்பார், பிறகுதான் அடுத்த பேரிங். கூடுதலாக ஐந்து நிமிடம் ஆகிறது, ஆகட்டும்.