கல்வமா, பீக்கரா? காஃபீன்–ஆக்ஸாலிக் அமில இணைப்படிகத்துக்கு ஏற்ற வழி

காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் முதுகலை மாணவர்களோடு காஃபீன்–ஆக்ஸாலிக் அமில இணைப்படிகத்தை, அதாவது இருவகை மூலக்கூறுகளும் ஒரே படிகத்தில் ஒழுங்காக அடுக்கப்பட்டதை, அரைத்தும் கரைத்தும் இரண்டு விதமாகவும் செய்து பார்த்தேன். இரண்டு காஃபீன் மூலக்கூறுகள், நடுவில் ஓர் ஆக்ஸாலிக் அமிலம். அமிலத்தின் இரு முனையிலும் உள்ள ஹைட்ரஜன் காஃபீனின் நைட்ரஜனைப் பற்றிக்கொள்கிறது. தனிக் காஃபீன் ஈரக்காற்றில் நீரேறிவிடும்; இந்த இணைப்படிகம் ஈரத்தைத் தாங்கும் என்பதை 2005-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

சித்த வைத்தியர் மருந்தரைக்கும் கல்வம் போன்ற உரலில் அரைப்பது முதல் வழி. காஃபீன் 388 மில்லிகிராம், ஆக்ஸாலிக் அமிலம் 126 (90 அல்ல, சீசாவில் இருப்பது பெரும்பாலும் நீரேறிய அமிலம்), இரண்டு மூன்று சொட்டுக் கரைப்பான். அரை மணி நேர அரைப்புக்குப் பின் தூளின் எக்ஸ் கதிர் வரைபடத்தில் புதிய முகடுகள் தெரிந்தால் இணைப்படிகம் உண்டு என்று துணியலாம். இது புது உத்தியும் அல்ல. குயின்ஹைட்ரோன் வகைச் சேர்மங்களை (இவையும் இருவகை மூலக்கூறுகள் சேர்ந்த படிகங்களே) 1893-லேயே அரைத்துச் செய்திருக்கிறார்கள். ஆனால் சொட்டை அலட்சியமாக எண்ணக் கூடாது. காஃபீனோடு குளுட்டாரிக் அமிலத்தை அரைக்கும்போது சைக்ளோஹெக்சேன் விட்டால் ஒரு வடிவமும், குளோரோஃபார்ம் விட்டால் வேறொரு வடிவமும் வருகின்றன.

இரண்டாம் வழி, பீக்கரில் கரைத்துக் கரைப்பானை மெல்ல ஆவியாக விடுவது; இது பொறுமையைச் சோதிக்கும். கரைதிறன் ஒத்துப்போகாவிட்டால் காஃபீன் மட்டும் பஞ்சு போன்ற ஊசிகளாக முந்திக்கொள்ளும். வேலூரின் மே மாத வெயிலில் மூடாமல் வைத்த மெத்தனால் கரைசல் சாயங்காலத்துக்குள் வெறும் பொருக்காகிவிடுகிறது.

இருந்தும், அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்ற கட்டமைப்பு வேண்டுமென்றால் என் வாக்கு பீக்கருக்கே. ஒரே எலெக்ட்ரான் உள்ள ஹைட்ரஜன் எக்ஸ் கதிருக்கு மங்கலாகத்தான் படும். அது அமிலத்திலேயே இருக்கிறதா, காஃபீனுக்குத் தாவி உப்பாகிவிட்டதா என்பதைக் அமிலத்தின் கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பு நீளங்களே சொல்லும்: 1.21, 1.31 ஆங்ஸ்ட்ராம் (சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு) என்று வேறுபட்டால் அமிலம், இரண்டும் 1.25-ஐ ஒட்டி நின்றால் உப்பு. இந்த நுணுக்கத்துக்கு சுமார் 0.2 மில்லிமீட்டர் அளவுள்ள தெளிவான ஒற்றைப் படிகம் வேண்டும். தூளிலிருந்து இதைக் கறப்பது கடினம்.

எனவே நாங்கள் முதலில் அரைத்துப் பார்த்து, தேறிய தூளையே கரைத்தோம். ஒரு சிட்டிகையை மட்டும், கரைசலில் படிகம் வளரத் தொடங்க உதவும் விதையாக ஒதுக்கி வைத்தோம். பீக்கரின் வாயை அலுமினியத் தாளால் மூடி நான்கே ஊசித் துளைகள் இட்டு, மார்கழிக் குளிரில் ஜன்னலிலிருந்து தள்ளி வைத்தோம். பத்தாம் நாள் அடியில் பளிச்சென்று கண்ணாடித் துண்டுகள் போலப் படிகங்கள் கிடந்தன.